தேத்தண்ணிக்குக் கழற்றிய பிளக்

மச்சான்,

உன்னுடைய அந்தச் சின்ன வெள்ளை மீற்றர் இப்போது என் வீட்டுச் சப்பாத்து அலுமாரிக்குள், சுவரில் இருக்கிறது. சுவர் பிளக்குக்கும் மெஷினின் வயருக்கும் நடுவில் செருகிவிட்டால், அந்த நேரத்தில் எத்தனை வாட் இழுபடுகிறது என்று காட்டுமே, அதுதான். நீ கறிக் கையோடு பிடித்த மஞ்சள் கறை அதன் மூலையில் இன்னும் போகவில்லை. இன்று காலை அந்த அலுமாரியைத் திறந்தபோது இலக்கம் பதினொன்றில் நின்றது. நீ இருந்திருந்தால் அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருப்பாய். நான் பார்த்தேன், கதவைச் சாத்தினேன், வேலைக்குப் போனேன். இப்போது எனக்கு எல்லாமே இப்படித்தான் நடக்கிறது. பார்க்கிறேன், சாத்துகிறேன், போகிறேன்.

இதை எழுதச் சொன்னது றீற்றா. உன் வீட்டுச் சாமான்களைக் கட்டப் போயிருந்தபோது, பெட்டிக்கு ரேப் ஒட்டிக்கொண்டே சொன்னாள்: "அண்ணை, நீங்கள் அண்டைக்கும் அழேல்லை, இண்டைக்கும் அழேல்லை. அவருக்கு ஒரு காயிதமாவது எழுதுங்கோ." உன் மனைவி ஒன்று சொன்னால் தப்ப ஏலாது என்பது என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் உனக்கு என்னத்தை எழுதுவது? நாங்கள் இரண்டு பேரும் மனசு விட்டுக் கதைத்த ஆட்கள் இல்லை. வாட், டிஸ்க், காற்றாடிச் சத்தம், இவற்றைத்தான் வருசக்கணக்காகக் கதைத்தோம். ஆகையால் மெஷினைப் பற்றியே எழுதுகிறேன். மற்றது வந்தால் வரட்டும்.

நாங்கள் சந்தித்ததே ஒரு மெஷினால்தான். சவுத்தாலில் பழைய கொம்பியூட்டர் விற்கும் கடை ஒன்றில், ஏதோ அலுவலகத்தில் கழித்துவிட்ட சேர்வர் நிலத்தில் கிடந்தது. கடைகளில் பில் அடிக்கும் காசு மெஷின் திருத்துகிறவன் நான். அதன் உள்ளே இருந்த பாகங்களுக்காகக் குனிந்தேன். மறு முனையை நீ பிடித்துக்கொண்டு, "தம்பி, இது நான் சொல்லி வைச்சது" என்றாய். நீ ஒன்றும் சொல்லி வைக்கவில்லை என்பது கடைக்காரரின் முகத்திலேயே தெரிந்தது. அதற்கு மேல், உன்னைவிட எனக்கு வயது கூட. என்றாலும், என்னைத் தம்பி என்று ஒருவர் கூப்பிட்டு நெடுங்காலமாகியிருந்ததாலோ என்னவோ, விட்டுக்கொடுத்துவிட்டேன். உன்னால் தனியே தூக்கவும் ஏலவில்லை. நானும் ஒரு பக்கம் பிடித்து என் காரின் டிக்கிக்குள் வைத்து முடிக்கும்போது நாங்கள் மச்சான் முறைக்கு வந்துவிட்டோம். இவ்வளவு பெரிய சாமான் எதற்கு என்று கேட்டேன். "செத்தவீடுகள் போட்டு வைக்க" என்றாய். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் ஷிப்ட் முடிந்தால் உனக்கு இரண்டாவது வேலை கோவிலில். உங்கள் மன்னார்க் கத்தோலிக்கச் சனம் கூடும் கோவிலில், சவ அடக்கப் பூசையை நேரடியாக வெளியூர்களுக்கு அனுப்புவது. விசா கிடைக்காத மகனுக்கும், லீவு கிடைக்காத தங்கச்சிக்கும், பாரிசில் முழங்கால் ஏலாமல் இருக்கும் அண்ணனுக்கும் கடைசி முகத்தைக் காட்டுவது உன் கமராதான். பூசை தொடங்க முதல் ஒவ்வொரு ஊராகப் போன் போட்டு, "கேக்குதோ? படம் தெரியுதோ?" என்று கேட்பாய். எல்லா ஊரும் ஓம் சொன்ன பிறகுதான் ஃபாதரைப் பார்த்துத் தலையாட்டுவாய். கோவில் பிள்ளைகள் உன்னைக் 'கேக்குதோ அங்கிள்' என்றே கூப்பிட்டார்கள். நான் சைவக்காரன். வயர் பிடிக்க வருகிறேன் என்று உன்னோடு வந்து, எப்போது எழும்புவது எப்போது முழங்காலில் நிற்பது என்பதை உன் முதுகைப் பார்த்தே பழகினேன்.

பதிவு மட்டும் கமராவில் நடக்காது. முன்பு ஒரு தரம் கமராவின் கார்ட் நிரம்பி, பெட்டி குழிக்குள் இறங்கும் நேரம் பதிவு நின்றுபோனதாம். அந்தக் குடும்பத்தை வெகுநாள் நிமிர்ந்து பார்க்க ஏலாமல் இருந்ததாகச் சொல்லியிருக்கிறாய். அதற்குப் பிறகு, கோவிலில் இருந்து அனுப்பும் படத்தை, உன் கிங்ஸ்பரி வீட்டில் மாடிப்படிக்குக் கீழே இருந்த சேர்வர் தானாகவே பிடித்து எழுதிக்கொள்ளும்படி செய்தாய். எழுதி முடிந்ததும் இணையத்தில் இருப்பதை அழித்துவிடுவாய். செத்தவீடு ஊருக்குக் காட்டும் படம் இல்லை, கேட்கிற ஆளுக்கு மட்டும்தான் கொடுப்பது என்பது உன் சட்டம். ஆக, அவையெல்லாம் இருந்த ஒரே இடம் உன் மாடிப்படிக்குக் கீழே இருந்த அலுமாரிதான்.

கேட்கிற ஆட்களும் வெகு குறைவு. கலியாண வீடியோவைச் சனம் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும். செத்தவீட்டை யார் பார்ப்பார்கள்? இடம் போதாமல் போனபோது, பழையவற்றை அழிக்கட்டுமா என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டுப் பார்த்தாய். எல்லோரும் கூடிப் பேசி வைத்தது போல ஒரே பதில்தான் வந்தது. "பாக்க மாட்டம், ஆனா அழிச்சுப்போடாதேங்கோ." நீ அழிக்கவில்லை. இன்னும் டிஸ்க் வாங்கிப் போட்டாய்.

அந்த அலுவலகச் சேர்வரின் சத்தம் இருக்கிறதே, ஐயோ. அதற்குள் இருந்த சின்னக் காற்றாடிகள் விடியவும் பொழுதுபடவும் ஊளையிட்டன. உங்கள் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் உரக்கவே கதைப்பீர்கள்; அதற்குக் காரணம் அந்த மெஷின்தான் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. கரண்ட் பில் வருகிற நாளில் றீற்றா அதை மேசையில் உன் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவாளாம். அந்த ஒன்றும் சொல்லாமைக்குப் பயந்துதான் நீ இந்த மீற்றரை வாங்கினாய். செருகிப் பார்த்துவிட்டு எனக்குக் குரல் செய்தி அனுப்பினாய்: "மச்சான், படிக்குக் கீழை ஒரு ஃபிரிட்ஜ் கடையே நடத்துறன் போல கிடக்கு."

அன்றில் இருந்து தொடங்கியது எங்கள் தேடல். கரண்ட் குறைவாகக் குடிக்கிற, சத்தம் போடாத, ஆனால் ஒன்றையும் தொலைக்காத ஒரு மெஷின். நீ ஷிப்ட் இடைவேளையில் செய்தி அனுப்புவாய், நான் ஏதாவது ஒரு கடையின் பின்னறையில் இருந்து பதில் போடுவேன். முதலில் உனக்கு உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கொம்பியூட்டரில் ஆசை வந்தது. டிஸ்கை வெளியே யூஎஸ்பி வயரில் தொங்கவிட்டால் ஒரு நாள் கை தட்டுப்பட்டே கழன்றுவிடும் என்று அதை நான் கெடுத்தேன். என்னுடைய பழைய லப்டொப்பைத் தருகிறேன் என்றேன். பற்றரி வீங்கினால் இவ்வளவு செத்தவீடும் சேர்ந்து எரிந்துபோகும் என்று நீ அதைக் கெடுத்தாய். டிஸ்க் பூட்டிக் கடையில் ஆயத்தமாக விற்கிற பெட்டிகளையும் பார்த்தோம். நல்ல பெட்டிகள்தான். ஆனால் அந்தக் கொம்பனி கைவிட்ட பிறகு உள்ளே இருப்பதை எப்படி எடுப்பது என்ற கேள்விக்கு விற்பனைக்காரப் பிள்ளையிடம் பதில் இல்லை. நாங்களே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுவது என்று முடிவாயிற்று.

வேலை செய்யும்போது எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்காதே, சும்மா இருக்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று பார் என்று நான் சொன்னேன். ஏனென்றால் இந்த மெஷின் தன் ஆயுளில் முக்கால்வாசியும் சும்மாதான் இருக்கப்போகிறது. "சும்மா இருக்கிறதுக்குத்தான் ஆள் தேடுறம் எண்டால், என்ரை சகலனைச் செருகி விடலாமே" என்றாய். அந்தச் செய்தியைக் கடைக்கு வெளியே நின்று கேட்டு நான் சிரித்ததை ஒரு கிழவி நின்று பார்த்தார்.

ஆனால் வேலையைச் சரியாகத்தான் செய்தோம். என்னிடம் கிடந்த பழைய போர்டுகளை உன் குசினி மேசையில் பரப்பி, மீற்றரைச் செருகி, ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கூடுதல் டிஸ்குகளைப் பூட்டுவதற்கென்று ஒரு கார்டைச் செருகினால் இலக்கம் இறங்கவே மறுத்தது. கார்டைக் கழற்றியதும் விறுவிறு என்று இறங்கியது. அந்தக் கார்டு தானும் நித்திரை கொள்ளாது, மற்றப் பாகங்களையும் கொள்ளவிடாது. "எங்கடை மாமி மாதிரி. ஒரு ஆள் முழிச்சிருந்தா வீடு முழுக்க முழிச்சிருக்கவேணும்" என்றாய். ஆகவே கார்டு வேண்டாம். சின்னச் சின்ன டிஸ்குகள் ஆறுக்குப் பதிலாகப் பெரியவை இரண்டு, ஒன்றில் இருப்பது மற்றதிலும் இருக்கும்படி. புதிதாக வருவது முதலில் சுழலாத ஒரு சின்ன டிஸ்கில் போய் இருக்கட்டும், பெரியவற்றைத் தேவையில்லாமல் எழுப்பக்கூடாது. கரண்ட் கொடுக்கும் பெட்டியும் சின்னதாகவே இருக்கட்டும்; பெரியதை வாங்கிச் சின்ன வேலைக்கு வைத்தால் அதுவே பாதியைத் தின்றுவிடும்.

மெமறி விசயத்தில்தான் நீ பிடிவாதம் பிடித்தாய். தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் மெமறிதான் வேண்டும் என்று நின்றாய். கரண்ட் குறைவாக இழுக்கும் போர்டுகளில் அதை ஏற்றுக்கொள்பவை மிகக் குறைவு. இதற்காக ஒரு மாதம் வீணாயிற்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிழை வந்தால் என்ன, படத்தில் எங்கேயோ ஒரு புள்ளி ஒரு கணம் மாறித் தெரியும், அவ்வளவுதானே என்று கத்தினேன்.

"அந்தப் புள்ளி ஆரின்ரையோ முகத்திலை விழும், மச்சான்" என்றாய்.

அடுத்த நாள் அந்த மெமறி ஏற்கும் போர்டைத் தேடி எடுத்தவன் நான்தான்.

தீராத சண்டை ஒன்று மிஞ்சியது. யாரும் கேட்காத நேரம் டிஸ்குகள் சுழலாமல் நித்திரை கொள்ளட்டும் என்பது என் கட்சி. கரண்ட் மிச்சமாவதே அங்கேதான். உனக்கு அது பிடிக்கவே இல்லை. "ஓடுறதை நிப்பாட்டாதை. நிப்பாட்டினால் பிறகு எழும்புமோ எண்டு ஆருக்குத் தெரியும்?" என்பாய். அந்தப் பயம் பழைய டிஸ்குக்கு, புதியவை நித்திரை கொள்ளவும் எழும்பவும் என்றே செய்யப்பட்டவை என்று எத்தனையோ தரம் விளங்கப்படுத்தினேன். கடைசியில், டிஸ்குகள் வரட்டும், வந்த பிறகு பார்ப்போம் என்றாய். ஒரே பெட்டியில் சேர்ந்து வந்தவை ஒரே நேரத்தில் பழுதாகலாம் என்பதால் வேறு வேறு கடைகளில் ஓடர் பண்ணினாய். ஒன்று வந்தது. மற்றது நீ போன பிறகு வந்தது. உன் பெயருக்கு வந்த பாசலை றீற்றா கையெழுத்துப் போட்டு வாங்கினாள்.

நீ ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய் என்று போன் வந்தபோது நான் ஹவுன்ஸ்லோவில் ஒரு கடையில் இருந்தேன். காசு மெஷினைத் திறந்து போட்டிருந்தேன். போனை வைத்துவிட்டு, எல்லா ஸ்க்ரூவையும் திரும்பப் பூட்டினேன். மூடியைப் போட்டேன். ஒரு பில் துண்டு அடித்துப் பார்த்தேன், மை சரியாக விழுந்தது. கடைக்காரரிடம் இனிப் பிரச்சினை இருக்காது என்று சொன்னேன். பிறகுதான் காருக்குப் போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அன்றைக்கு உள்ளே ஏதோ நின்றுபோனது, இன்னும் ஓடத் தொடங்கவில்லை.

உன் சவ அடக்கத்துக்குக் கமராவைப் பிடித்தது கோவில் பாடகர் குழுவில் இருக்கும் அன்ரன். பாவம், நன்றாகத்தான் செய்தான். கமரா நேராக நின்றது, படம் எல்லா ஊருக்கும் போனது. ஆனால் ஊர் ஊராகப் போன் போட்டு யாரும் கேட்கவில்லை. போன் குழுவில் ஒரு செய்தி போட்டான், வரிசையாகக் கட்டைவிரல் குறிகள் வந்தன, ஃபாதர் தொடங்கிவிட்டார். நான் எழும்புகிற இடத்தில் எழும்பினேன். பார்ப்பதற்கு உன் முதுகு இல்லாததால் இரண்டு இடத்தில் பிந்திவிட்டேன்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கிங்ஸ்பரி வீட்டுக்கு வந்தோம். வாசல் வரை சப்பாத்து. உள்ளே வந்ததும் வீடு ஒரு மாதிரி அமைதியாக இருந்தது. அத்தனை சனம் இருந்தும், கரண்டி கோப்பையில் படும் சத்தம் கேட்டது. செத்தவீடு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். குசினியில் இடம் இல்லாததால், கோவில் மண்டபத்தில் இருந்து கொண்டுவந்த பெரிய தேத்தண்ணி பொயிலரை ஒழுங்கைபோல் நீண்ட உன் வீட்டு நடையில், மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்திருந்தார்கள். அதன் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. நானும் போய் இரண்டு கோப்பை ஊற்றிக் குடித்தேன். இஞ்சி போட்ட நல்ல தேத்தண்ணி.

உன் முப்பத்தோராம் நாள் பூசைக்கு முன்பு றீற்றா கேட்டாள், அன்றைய படத்தை ஒரு தரம் பார்க்க ஏலுமோ என்று. சவ அடக்கத்தில் தனக்கு ஒன்றுமே தெரியவில்லையாம், யார் வந்தார்கள் என்பதும் நினைவில்லையாம். நான் போய் அலுமாரியைத் திறந்தேன். சேர்வரின் பிளக் நிலத்தில் கிடந்தது. பொயிலர் அப்போது கோவிலுக்குத் திரும்பிப் போய்விட்டது. காலையில் வந்து வீட்டைக் கூட்டி, கதிரை அடுக்கி, அவ்வளவு சனத்துக்கும் தண்ணி கொதிக்க வைத்த பெண்கள் யாரோ ஒருவர், ஒரு வெற்றுப் பிளக் தேடிக் கை நீட்டியிருக்கிறார். உன் சட்டப்படி இணையத்தில் இருந்ததை அன்ரன் அன்றே அழித்துவிட்டான்; உன் செத்தவீடு எங்கேயும் எழுதப்படவே இல்லை. அன்று எனக்குக் கேட்ட அமைதி உன்னுடையது இல்லை, மெஷினுடையது.

றீற்றா படியில் குந்திவிட்டாள். "தேத்தண்ணிக்கோ?" என்றாள். பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. "அவருக்கும் தேத்தண்ணி எண்டால் போதும்" என்றாள். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை. அதுகள் பாவம், தாங்காதுகள்." நான் சொல்லவில்லை. உனக்குத்தான் முதல் முதல் சொல்கிறேன்.

பிளக்கைத் திரும்பச் செருகவும் இல்லை. ஏன் என்று உனக்கு விளங்கும். வருசக்கணக்காக நிற்காமல் ஓடிய பழைய டிஸ்குகள் நின்று, குளிர்ந்து கிடந்தன. செருகாத வரையில் எல்லாம் உள்ளே இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். செருகினால் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். றீற்றா மகளோடு போய் இருந்தாள், வீடு பூட்டிக் கிடந்தது, நான் மாதக்கணக்கில் அந்தப் பக்கமே போகவில்லை. உன் பாசல் இரண்டும் என் வீட்டில் உடைக்காமல் கிடந்தன.

கடைசியில் என்னை எழுப்பியது ஜெசிந்தாவின் போன். உன்னோடு விமான நிலையத்தில் வேலை செய்த ஹவுன்ஸ்லோப் பிள்ளை. அவளுடைய தாயின் சவ அடக்கத்தை நீதான் அனுப்பினாய். நான் அன்று வேலையில் இருந்தேன். தாயின் ஆண்டு நினைவு வருகிறதாம். மன்னாரில் இருக்கும் ஒரே தம்பி அதை இன்னும் பார்க்கவில்லையாம். "அண்டைக்கு அங்கை கரண்ட் இல்லை அண்ணை. போனும் செத்துப்போச்சு. அம்மான்ரை முகத்தை அவன் கடைசியாப் பாக்கவே இல்லை. பிறகு பாக்கப் பயந்து கேக்காமல் விட்டிட்டான். இப்பதான் கேக்கிறான்" என்றாள். கொஞ்சம் பொறு பிள்ளை, எடுத்துத் தாறன் என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் உன் பாசல் இரண்டையும் மற்றப் பாகங்களையும் காரில் போட்டு, றீற்றாவையும் கூட்டிக்கொண்டு கிங்ஸ்பரிக்குப் போனேன். ஹீற்றிங் நிறுத்தி வைத்த வீடு, உள்ளே மூச்சு விட்டால் புகை தெரிந்தது. உன் மீற்றரைச் சுவரில் செருகி, அதில் சேர்வரின் பிளக்கைச் செருகினேன். காற்றாடிகள் பழையபடி ஊளையிட்டன. றீற்றா கண்ணை மூடிக்கொண்டாள். ஆறு டிஸ்கில் நாலு எழும்பிவிட்டன. மற்ற இரண்டும் ஒரே சோடி, ஒன்றில் இருப்பதுதான் மற்றதிலும். ஜெசிந்தாவின் தாய் இருந்தது அந்தச் சோடியில்தான். ஒன்று டிக் டிக் என்று அடித்துவிட்டு ஓய்ந்துபோனது. மற்றது ஒரு சத்தமும் காட்டவில்லை.

நீ சொன்னதுதான் சரி. நிப்பாட்டினால் எழும்புமோ என்று யாருக்கும் தெரியாது. சந்தோசமா?

மெஷினை அணைத்தேன். சத்தம் காட்டாததைக் கழற்றி எடுத்தேன். ஐஸ் போலக் கிடந்தது. உள்ளே எண்ணெய் குளிரில் இறுகியிருந்தால் சூடு கண்டு இளகலாம் என்று ஒரு நப்பாசை. ஹீற்றிங்கைப் போடச் சொன்னேன். றீற்றா ஒரு துவாயை மடித்துக்கொண்டுவந்து, டிஸ்கைச் சுற்றி, ரேடியேற்றருக்குப் பக்கத்தில் கதிரையில் வைத்தாள். பின்னேரம் வரை அப்படியே இருந்தோம். அவள் செபமாலை சொன்னாள். நான் சும்மா இருந்தேன். இடைக்கிடை துவாய்க்குள் கை வைத்துப் பார்த்தேன், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல.

கைக்குச் சூடு தெரிந்ததும் திரும்பப் பூட்டினேன். டிஸ்க் எழும்பினால் அந்த நேரம் கரண்ட் ஒரு கணம் அதிகமாக இழுபடும். அதனால் இரண்டு பேரும் டிஸ்கைப் பார்க்கவில்லை, உன் மீற்றரைத்தான் பார்த்தோம். இலக்கம் ஏறியது, நின்றது, கொஞ்சம் இறங்கியது. பிறகு ஒரு குதி குதித்தது. "அண்ணை" என்றாள் றீற்றா. டிஸ்க் சுழலும் சத்தம், மெல்லிசாக, காற்றாடிகளுக்கு நடுவில் கேட்டது.

நான் அங்கேயே, உன் நடையில், நிலத்தில் இருந்தபடி புதிய மெஷினைப் பூட்டினேன். அந்தப் போர்டு, அந்த மெமறி, சின்னக் கரண்ட் பெட்டி, வேறு வேறு கடையில் வாங்கிய இரண்டு டிஸ்க். எல்லாவற்றையும் மாற்றி எழுதி, ஒவ்வொன்றும் சரியாக வந்ததா என்று பார்த்து முடியும் வரை பழையதை நிறுத்தவில்லை. முடிந்த பிறகு பழையதின் பிளக்கை நானே கழற்றினேன். உன் வீடு இரண்டாம் முறை அமைதியானது.

புதியது இப்போது சவுத்தாலில் என் சப்பாத்து அலுமாரிக்குள் இருக்கிறது. டிஸ்குகள் நித்திரை கொள்கின்றன. அந்தச் சண்டையில் நான்தான் வென்றேன், மறுத்துக் கதைக்க நீ இல்லை. பிளக்கில் வெள்ளை ரேப் ஒட்டி, பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: இதைக் கழற்ற வேண்டாம், தேத்தண்ணிக்குக் குசினியில் பிளக் இருக்கிறது. என் வீட்டுக்கும் ஒரு நாள் சனம் வரும்தானே.

ஜெசிந்தாவுக்கு அனுப்ப முதல், முழுசாக வந்திருக்கிறதா என்று திறந்து பார்த்தேன். டிஸ்க் எழும்பச் சில விநாடி எடுத்தது. பிறகு கோவில் தெரிந்தது. பூ, மெழுகுதிரி, பெட்டி. ஃபாதர் இன்னும் வரவில்லை. கமராவுக்குப் பின்னால் உன் குரல்.

"பாரிஸ், கேக்குதோ? ஓம். ரொறன்ரோ? ஓம், ஓம். மன்னார், கேக்குதோ?"

ஒரு பதிலும் இல்லை. நீ திரும்பப் போன் எடுக்கிறாய். திரும்பவும் எடுக்கிறாய். ஃபாதர் வந்து நிற்கிறார். "ஃபாதர், கொஞ்சம் பொறுங்கோ, மகன் இன்னும் வரேல்லை" என்கிறாய். அவர் பொறுக்கிறார். வாங்கில் வரிசைகளில் இருக்கும் சனம் திரும்பிப் பார்க்கிறது. "மன்னார், தம்பி, கேக்குதோ?" பிறகு ஒரு பெருமூச்சு. "சரி ஃபாதர், தொடங்குங்கோ. நான் எடுத்து வைச்சுக் குடுக்கிறன்."

வேறு சிலவற்றையும் திறந்தேன். எல்லாவற்றிலும் தொடக்கத்தில் நீ இருக்கிறாய். எவ்வளவு ஆட்களுடைய செத்தவீடோ அவ்வளவு இடத்திலும். உன் முகம் மட்டும் ஒன்றிலும் இல்லை. றீற்றாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவரின்ரை குரல் இருக்கு, வெட்டி எடுத்து அனுப்பவோ என்று கேட்டேன். "இப்ப வேண்டாம் அண்ணை" என்றாள். "என்னாலை கேக்க ஏலாது. ஆனா அழிச்சுப்போடாதேங்கோ."

படத்தை ஜெசிந்தாவுக்கு அனுப்பினேன். இன்று வேலையில் இருந்தபோது, தெரியாத மன்னார் இலக்கத்தில் இருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ஜெசிந்தாவின் தம்பி. உனக்கு என்ன நடந்தது என்று தமக்கை அவனுக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். என்னைத்தான் நீ என்று நினைத்திருக்கிறான். பின்னால் கடல் இரைந்தது. "அண்ணை, கேக்குது. படம் தெரியுது. அம்மாவைப் பாத்திட்டன்" என்றான். அவ்வளவுதான்.

அது உனக்கு வந்த பதில், என்னிடம் இருக்கக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் அதை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் போட்டு வைத்தேன். டிஸ்குகள் எழும்பி, எழுதி, கொஞ்ச நேரம் சுழன்றுவிட்டுத் திரும்பப் படுத்தன. மீற்றர் ஏறி, பதினொன்றுக்கு இறங்கியது. நான் கதவைச் சாத்தவில்லை. சப்பாத்துகளுக்கு நடுவில் நிலத்தில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு மனசு உன்னைத் தேடுது, மச்சான். கேக்குதோ?